முடிவில்லை என்ற ஒரு வரி

தோபா ஏரிக்கரைத் தேவாலயத்தின் பின்னறையில், மேசைமேல் ஒரு தாள் கிடக்கிறது. தகரக் கூரையில் மழை கொட்டுகிறது. ஜன்னல்களைச் சாத்தியிருப்பதால் ஈரச் சட்டைகளின் வாடையும் கிராம்புச் சுருட்டின் புகையும் அறைக்குள்ளேயே நிற்கின்றன. கதவை அடைத்தாற்போல் நான்கு மூப்பர்கள் நிற்கிறார்கள். போதகர் தியுர்மா பேனாவைத் திறந்து பிடித்திருக்கிறாள். தூக்குப் போட்டுக்கொண்ட சஹாத்தின் அடக்க ஆராதனையில், "ஒருத்தர் விடாம எல்லாரையும் ஆண்டவர் ஒருநாள் சேர்த்துக்குவார்" என்று சொல்லிவிட்டாள், அதுதான் குற்றம். "நரகத்துக்கு முடிவில்லைன்னு ஒரே வரிதான். கையெழுத்துப் போடுங்க, இல்லேன்னா போதகர் வீட்டைக் காலி பண்ணுங்க," என்கிறார் மூத்தவரான மங்காரா. சுவரோரம் சஹாத்தின் தாய் லம்ரியா, மகனின் தோள்துணியை மடியில் வைத்து நீவிக்கொண்டே இருக்கிறாள். "போட்டுடுங்கம்மா," என்கிறாள். "எங்களால நீங்க ஏன் தெருவுல நிக்கணும்?" தாயே சொல்லிவிட்டதும் தியுர்மா தாள்மேல் குனிகிறாள். பேனாமுனை தாளைத் தொடுகிறது. "எம்புள்ள இப்ப எங்க இருக்கான்னு மட்டும் சொல்லிட்டுப் போடுங்க." மங்காராகூடத் தலையைக் குனிந்துகொள்கிறார். "ஆண்டவர்கிட்டதான் இருக்கான்," என்று சொல்லிப் பேனாவை மூடி வைத்துவிட்டு தியுர்மா எழுகிறாள். கதவருகே நிற்பவர்கள் நகரவில்லை.