ஏழு ஓட்டை

எத்திராஜ் தன் கையாலேயே கட்டிய சுவரில் ஏழு ஓட்டைகள் இருந்தன. போட்டது தான்தான் என்று பக்கத்து வீட்டு அத்தாவுல்லா ஒப்புக்கொண்டும் விட்டார்.

"எதுக்குப் போட்டே பாய்?"

"போட்டுட்டேன் நைனா. மழைக்காலம் போவட்டும், நானே அடைச்சித் தரேன்."

அதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. எத்திராஜ் வாயிலிருந்து வந்த சொற்களை அச்சேற்ற முடியாது.

அது சாதாரணச் சுவரல்ல. தண்டையார்பேட்டையில் மனை வாங்கி, வீடு கட்டிக் குடிவந்த கையோடு, மழைத் தண்ணீர் தேங்காமலிருக்கத் தோட்டத்தை மூன்றடி மண் கொட்டி மேடாக்கியிருந்தார் எத்திராஜ். அந்த மண் அத்தாவுல்லாவின் கொல்லையில் சரிந்து விழாமல் தாங்க ஒரு சுவர் தேவைப்பட்டது. கொத்தனாரைக் கூப்பிடலாமே என்ற மனைவி வரலட்சுமியிடம், பெரம்பூர் ரயில்வே பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் பாய்லர் வேலை பார்த்தவனுக்குக் கொத்தனார் எதற்கு என்று கேட்டார். அவள் செங்கல் எடுத்துக் கொடுத்தாள்.

பாய்லர்காரர்களின் வேதம் ஒரே வரிதான்: கசியக் கூடாது. ஒரு சொட்டுக் கசிந்தாலும் பட்டறையே சிரிக்கும். சுவரையும் அந்த வேதப்படியே கட்டினார். ஒவ்வொரு இடுக்கிலும் காரையை விரலால் அழுத்தினார். சிமெண்டுக்கு அரசாங்கக் கட்டுப்பாடு இருந்த காலம்; அலைந்து பர்மிட் வாங்கியதை மேலே பூசினார். ஊசி நுழைய இடம் விடவில்லை.

சுவரின் அழகான முகம் அத்தாவுல்லாவின் கொல்லையைப் பார்த்துத்தான் இருந்தது. ஆகவே ஞாயிறுதோறும் எத்திராஜ் அங்கே போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைப் பார்த்துவிட்டு வருவார். கோவிலுக்குப் போகாத வாரம் உண்டு. சுவரைப் பார்க்காத வாரம் கிடையாது. ஹார்பரில் கிரேன் ஓட்டும் அத்தாவுல்லா நாற்காலி போடுவார். அவர் மனைவி மரியம் டீ கொடுத்தனுப்புவாள். எதிர்ச்சாரிப் பொன்னுரங்கமும் வந்து பார்த்து, எத்திராஜிடம் யோசனை கேட்டு, அதே மாதிரி தனக்கும் ஒன்று கட்டிக்கொண்டார்.

அப்படிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் சுவரின் அடியில் வரிசையாக ஏழு ஓட்டைகளைக் கண்டார். ஒவ்வொன்றும் கைம்முஷ்டி அளவு. அன்றைக்கே அடைத்திருப்பார், ஆனால் மறுபடி மனுப் போட்டுச் சிமெண்ட் வரத் தை மாதமாகும். வேறு எதை வைத்துப் பூசினாலும் கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப் போட்ட மாதிரி தெரியும்.

அன்றோடு நாற்காலி, டீ, பேச்சு எல்லாம் நின்றன. வெள்ளிக்கிழமைதோறும் மரியம் அனுப்பும் மீன் குழம்பை இனி வாங்கக் கூடாது என்று வரலட்சுமிக்கு உத்தரவாயிற்று. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பேசாதே என்றார். அவள் முகம் வாடிவிட்டது. குழம்புக்காக என்று எத்திராஜ் நினைத்துக்கொண்டார்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் அடித்தது மழை. மூன்றாம் நாள் காலையில் பொன்னுரங்கம் குடைகூட இல்லாமல் ஓடி வந்தார். அவருடைய சுவர் மண்ணோடும் முருங்கை மரத்தோடும் தெருவில் படுத்திருந்தது.

"உன் பேச்சக் கேட்டுத்தானே கட்டினேன் எத்திராஜு. ஒரு பொட்டு ஓட்டை வுடல. உன்னுது மட்டும் எப்படி நிக்குது?"

எத்திராஜ் அத்தாவுல்லாவின் கொல்லைக்கு விரைந்தார்.

ஏழு ஓட்டைகளிலும் ஏழு குழாய்களைத் திறந்துவிட்ட மாதிரி தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மேலே மண் குடித்ததையெல்லாம் சுவர் கக்கிக்கொண்டிருந்தது. கக்கியது அத்தனையும் அத்தாவுல்லாவின் கொல்லையில் கணுக்காலளவு நின்றது. மரியம் கோழிக் கூண்டைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்திருந்தாள். அத்தாவுல்லா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீரைத் தெருவுக்குக் கொண்டுபோக மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார்.

அழுத்தம் மிஞ்சினால் ஆவியை வெளியே விட, பாய்லருக்கே சேஃப்டி வால்வு உண்டு. இருபத்திரண்டு வருஷமாக அதை மாட்டியவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"பாய், நான் பேசினதெல்லாம் மனசுல வெச்சிக்காதே" என்றார் எத்திராஜ். "நீ மட்டும் ஓட்டை போடலன்னா இந்நேரம் செவுரு உன் கோழிங்க மேல கெடக்கும்."

அத்தாவுல்லா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். "கோவம் பூடுச்சா?"

"பூடுச்சு."

"அப்ப சொல்லலாம். நான் எங்க போட்டேன்? உன் செவுத்தத் தொடவே எனக்குப் பயம். நீ வேலைக்குப் போனப்போ வரலட்சுமி தங்கச்சிதான் கடப்பாறையோட வந்துச்சு. பூந்தொட்டிக்கே அடியில ஓட்டை வெக்கிறோம், இவரு தோட்டத்துக்கு வெக்கலயேன்னுச்சு. தண்ணி உங்க பக்கம்தான் வரும், பரவால்லயான்னு கேட்டுச்சு. வரட்டும்னேன். அதுவும் மரியமும் சேந்துதான் போட்டாங்க."

எத்திராஜுக்குத் தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை.

"பின்ன ஏன் பாய் நான்தான்னு சொன்னே?"

"உன் கோவம் என் மேலன்னா நடுவுல செவுரு கீது நைனா. தங்கச்சி மேலன்னா நடுவுல இன்னா கீது?"