நூறு நாள் நட்சத்திரம்

தியான வகுப்பின் வரவேற்பு மேசையில் இருந்தவளுக்குக் கணினித் திரையே கனவுத் திரை. வருகைப் பதிவு மென்பொருள் அன்று இரண்டு பேருக்குத் தங்க நட்சத்திரம் போட்டிருந்தது. நூறு நாளும் தவறாமல் வந்தவர்கள். ஒருவர் காலை வகுப்பு ஆண், மற்றவர் மாலை வகுப்புப் பெண். கண்ணை மூடினால் இருவருமே மணியடித்த பிறகுதான் திறப்பார்கள். முகத்தில் மிதக்கும் சிரிப்பும் ஒன்றேதான்.

மனசுக்குள் இருவருக்கும் கல்யாணமே நடத்தி முடித்துவிட்டாள்.

காலை வகுப்பு முடிந்து கண்ணைக் கசக்கியபடி வந்தவரை மடக்கினாள்.

"சார், ஞாயித்துக்கிழமை பரிசு. சாயங்கால வகுப்புலயும் உங்கள மாதிரியே ஒருத்தங்க நூறு நாள் வந்திருக்காங்க. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து தியானம் பண்ணணும்னு எனக்கு ஆசை."

"மூக்குக் கண்ணாடி போட்டவங்களா?"

"தெரியுமா சார்?"

"தெரியும். ஆனா நாங்க சேர்ந்து வர முடியாதும்மா."

அவள் முகம் வாடியது. "ஏன் சார், பேசிப் பாக்கலாமே?"

"பேசி என்ன பண்றது? வீட்டுல ரெட்டைப் பிள்ளைங்க. ஒண்ணு அசந்தா இன்னொண்ணு அழும். யாராவது ஒருத்தர் முழிச்சிருக்கணுமே."

அவர் நீளமாகக் கொட்டாவி விட்டார்.

"நானும் என் பொண்டாட்டியும் ஒரே நேரத்துல கண்ண மூடி நூறு நாளாச்சு."