வெள்ளைப் பொடி

"அடிப்பாவி! எம்பொண்ணு அம்புல பொடி தூவுறாளே!"

வேலிக்கு வெளியே நின்றிருந்த வளர்மதி வேலியைப் பிடித்து உலுக்கினாள்.

செஞ்சிக் கோட்டை அடிவாரத்து மைதானத்தில் வில்வித்தைப் போட்டி. ஜெயிக்கும் ஒருத்திதான் மாநிலப் போட்டிக்குப் போகலாம். வளர்மதியின் மகள் பூங்குழலி பக்கத்து வல்லம் கிராமத்துப் பெண், வில்லைத் தொட்டே சில மாதம்தான் ஆகிறது. முன்னணியில் இருப்பவள் பஜார் கடைக்காரர் மகள் பிரவீணா. பொடி தூவியவளும் அவளேதான்.

காலையிலிருந்தே பூங்குழலியின் அம்பு வாலை ஆட்டிக்கொண்டு போய் ஓரத்தில் குத்தியது. "கை ஆடுது" என்றார் கோச். "காத்து" என்றார் பக்கத்தில் இருந்தவர். கண் படக்கூடாதென்றுதானே வளர்மதி அமாவாசைக் கூட்டத்தில் நசுங்கி, மேல்மலையனூர் அங்காளம்மன் கயிறு வாங்கிவந்து, இன்று காலை வில்லின் நடுவில் பெரிய முடிச்சாகக் கட்டினாள்!

பொடி தூவிய அம்பும் ஓரத்திலேயே குத்தியது. இப்போது அந்தக் கயிற்றையே அவிழ்க்கிறாள் பிரவீணா.

"சார், அவ இன்னா பண்றா பாருங்க!"

"சத்தம் போடாதம்மா. கடைசி ரவுண்டு, இந்த மார்க்குதான் கணக்கு" என்றார் கோச்.

வளர்மதி குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள். அவள் வெளியே வரட்டும், வாரித் தூற்றிவிட்டுத்தான் மறுவேலை.

பூங்குழலி நாணை இழுத்துவிட்டாள். அம்பு ஆடாமல் அசையாமல் போய் நடு மஞ்சளில் குத்தியது. அடுத்ததும் மஞ்சள். அதற்கடுத்ததும் மஞ்சள்! மைதானமே கைதட்டியது.

"அம்மா, நான்தான் பர்ஸ்ட்டு!"

"ஆத்தா காப்பாத்திட்டாடி! அந்தச் சிறுக்கி செய்வினைப் பொடி போட்டும்..."

"ஐயோ, அது மூஞ்சிக்குப் போடுற பவுடரும்மா! அம்போட இறகு வில்லுல எங்க இடிக்குதுன்னு பாக்க பிரவீணா அக்கா பூசுனாங்க. இடிக்கிற எடத்துல வெள்ளையா ஒட்டிக்குமாம். தோ பாரு."

மகள் நீட்டிய சிவப்புக் கயிற்றின் முடிச்சில் வெள்ளை அப்பியிருந்தது.

"அவளுக்கு இதால இன்னாடி லாபம்?"

பூங்குழலியின் குரல் இறங்கியது. "அவங்க செகண்டு ஆயிட்டாங்கம்மா."

வளர்மதியின் கையிலிருந்த மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

பிரவீணா வில் பையோடு வந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனாலும் சிரித்தாள். வளர்மதி புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, அவள் மணிக்கட்டைப் பிடித்து அந்தக் கயிற்றைக் கட்டினாள்.

"எனக்கு எதுக்கு ஆன்ட்டி?"

"உம்மேல கண்ணு பட்டுடுச்சும்மா. வேற யாருதும் இல்ல, எங்கண்ணுதான்."