பால்குடம் போகும் பாதை

“கையும் களவுமா மாட்டுனியா?”

மோட்டார் சைக்கிளை நிறுத்துவதற்குள் கத்திவிட்டார் கோயில் தலைவர் சுகுமாரன்.

பழைய எஸ்டேட் கோயிலுக்குப் போகும் மண்சாலையில் மலைபோல் கட்டடக் குப்பை. அதன் நடுவே மண்வெட்டியும் கையுமாகப் பவித்ரன். பக்கத்தில் அவன் லோரி.

நாளைக்குத் திருவிழா! பெண்கள் வெறுங்காலோடு பால்குடம் எடுத்து நடக்கும் பாதை. சுகுமாரனின் மனைவி கலாதேவியும் ஆபரேஷனில் பிழைத்து எழுந்ததற்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள். ஆணியும் ஓட்டுச் சில்லும் கிடக்கிற கிடப்பைப் பார்த்து அவருக்கு ரத்தம் கொதித்தது.

“நான் கொட்டலண்ணே...”

“பின்ன, பூப்பறிக்க வந்தியா?”

இதே பவித்ரன்தான் போன மாதம் அவருடைய பழைய சமையல்கட்டை இடிப்பதைப் பற்றிப் பேச ஜெலாப்பாங்கிலிருந்து வந்து, பெரிய உபதேசமே நடத்தினான்.

“அவசரப்படாதீங்கண்ணே. ஆணியப் புடுங்கிட்டு பலகைய எடுப்போம். செங்கலத் தட்டி அடுக்குவோம். உடைசல் பள்ளத்துக்கு ஆகும். கொட்ட ஒண்ணும் மிஞ்சாதுலா.”

அதற்கு ஒரு வாரமாம்! யாருக்குப் பொறுமை இருக்கிறது? வேறு ஆளைப் பிடித்து ஒரே நாளில் இடித்து வாரிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்.

“ஊருக்குத்தான் உபதேசமா? நேத்து கூட்டத்துல என்ன சொன்னேன்? கொட்டினவன், கொட்ட விட்டவன் வீட்டுல யாரும் பால்குடம் எடுக்கக் கூடாது. போய் உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு!”

பவித்ரன் முகம் சுண்டிப்போனது.

“சரிண்ணே, சொல்லிடுறேன்” என்றவன், குனிந்து எதையோ சாக்கால் மூடினான்.

ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதது சுகுமாரனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“என்னத்தடா மூடுற?”

“ஒண்ணுமில்லண்ணே. நீங்க போங்க, நான் அள்ளிட்டு வாரேன்.”

சாக்கை வெடுக்கென்று உருவினார்.

லட்சுமி படம் போட்ட ஓடு. கீறல் விட்ட மூலையில் வெள்ளை சிமெண்ட். அவர் கையாலேயே பூசியது. பழைய சமையல்கட்டின் சாமி மேடையில் பதித்திருந்த ஓடு.

எங்கே கொண்டுபோய்க் கொட்டினாய் என்று, இடித்து வாரிப்போன ஆளை அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.



பவித்ரன் அந்த ஓட்டைத் தன் சட்டையால் துடைத்து லோரியின் முன்சீட்டில் வைத்தான்.

“கலாக்கா நேர்த்திக்கடன் நிக்கக் கூடாதுண்ணே. என் வீட்டுக்காரி அடுத்த வருசம் எடுத்துக்குவா.”