கறை படாத சட்டை

'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்ற பழமொழியில் பெரும் பிழை ஒன்று இருக்கிறது. பந்தி வேறு, படை வேறு என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது. எல்லாருக்கும் அப்படி இல்லை.

மைசூரில், சித்தப்பா மகள் தமிழ்ப்ரியாவின் கல்யாணத்தில், கிரண் முதல் பந்தியில் நடு இலையில் உட்கார்ந்தான். சொந்தக்காரர்கள் திகைத்தார்கள்.

பத்து வருஷமாக எந்தக் கல்யாணமானாலும் சாம்பார் வாளி அவன் கையில்தான். எல்லாரும் போனபின் சமையல்கட்டுக்குப் பின்னால் தனியாகச் சாப்பிடுவான். ஹனூரில் இருக்கும் அத்தைமார் தங்கள் மகன்களைத் திட்டுவதற்கு அவன்தான் உதாரணம்.

உண்மை வேறு. பிறர் பார்க்கச் சாப்பிட்டால் அவனுக்குக் கை நடுங்கும். பள்ளிக்கூடத்தில் ஒருநாள் மதியச் சோறு மடியில் கொட்ட, வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து ஒதுங்கி ஒதுங்கியே பயத்தை வளர்த்துவிட்டான். பரிமாறுகிறவன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, வாளியைத்தான் பார்ப்பார்கள் என்பது அவன் கண்டுபிடிப்பு.

ஆறு மாதமாக ஒரு மனநல டாக்டரம்மாவிடம் போகிறான். அவர் பயத்தைப் படிப்படியாகப் பழக்கச் சொன்னார். முதலில் நண்பனோடு டீ. பிறகு மண்டி மொஹல்லா கடைத்தெருவில், கூட்டமான ஓட்டலில் இட்லி. கடைசிப் படி, பந்தி. கை நடுங்கலாம், எழுந்து ஓடக் கூடாது.

பந்தி மேற்பார்வை, மாமா கரியப்பன். நாற்பது வருஷப் பதவி. தோளில் துண்டு, கறை படாத வெள்ளைச் சட்டை. யார் உட்காரச் சொன்னாலும், "எல்லாரும் ஆகட்டும்" என்பார்.

ரசம் வந்தது. கிரண் கை நடுங்கி, பாதி சட்டையில் வழிந்தது.

கரியப்பன் எதிரே வந்து நின்றார். "ஏன் மாப்ளே, உத்தியோகம் நிரந்தரமானதும் வாளி கனக்குதாக்கும்? இப்போ சோத்தை அள்ளவே கை நடுங்குது."

வரிசை சிரித்தது, அன்று வகுப்பு சிரித்த மாதிரியே. கிரணின் கால்கள் எழுந்துகொள்ளப் பார்த்தன.

"நடுங்குதுங்க மாமா" என்றான். "நாலு பேர் பார்த்தா நடுங்கும். டாக்டர்கிட்ட போயிட்டிருக்கேன். மோர் வர்ற வரைக்கும் எந்திரிக்க வேண்டாம்னு சொல்லியிருக்காங்க."

சிரிப்பு நின்றது. பக்கத்து இலைக்காரர் அப்பளத்தை மிகுந்த கவனத்தோடு உடைத்தார்.  கரியப்பன், மோர் எங்கே என்று கேட்டுக்கொண்டே போய்விட்டார்.

கிரண் மோரையும் குடித்து, இலையை மடித்துவிட்டுத்தான் எழுந்தான்.

கை கழுவும் இடத்தில் மாமா காத்திருந்தார். குழாயை அவரே திறந்துவிட்டார்.

"அந்த டாக்டரம்மா எந்தக் கிழமை இருப்பாங்க?"

"செவ்வாய், வெள்ளி. யாருக்குங்க மாமா?"

"தெரிஞ்சவரு ஒருத்தருக்கு. வயசானவரு. இதுக்கு மேல சரியாகுமான்னு கேக்கறாரு."

"ஆகும்னு சொல்லுங்க."

தை மாதத்தில் அடுத்த கல்யாணம் வந்தது. முதல் பந்தியில் சாப்பிட்டு எழுந்த கரியப்பனின் சட்டையில் ரசக்கறை இருந்தது.