அரை மணி நேரம்

நேப்பியர் நகரின் பழங்கால அலங்காரப் போட்டியில் மூன்று வருடமாகக் கிளெனிஸுக்குத்தான் முதல் பரிசு. இந்த முறை போட்டிக்குச் சில நாள் முன்பு பக்கத்து வீட்டு நைரி அவளிடம் வந்து நின்றாள்.

"அக்கா, அந்தக் காலத்து நடிகைங்க மாதிரி முடியில அலை வைக்கிறது எப்படின்னு சொல்லித் தாங்களேன்."

போட்டிக்கு ஆள் கிளம்பிவிட்டது என்று கிளெனிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஈர முடியைச் சுருட்டிக் கொண்டை ஊசி குத்து. அரை மணி நேரத்துல எடுத்துடு, அவ்வளவுதான்."

சனிக்கிழமை நைரி போட்டிக்கே வரவில்லை. பரிசோடு திரும்பிய கிளெனிஸ், நைரி வீட்டு வாசலில் கூட்டத்தைக் கண்டு உள்ளே ஓடினாள்.

கூடத்தில், திறந்த சவப்பெட்டியில் நைரியின் அம்மா. நரைமுடி ஈரத்தோடு நெற்றியில் துவண்டு கிடந்தது.

"கல்யாணப் போட்டோவுல இருக்கிற மாதிரியே அலை வச்சு அனுப்புன்னு அம்மா கடைசியாக் கேட்டாங்க," என்று நைரி அழுதாள். "நீங்க நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீங்க அக்கா. என் கைதான் சரியில்ல."

கிளெனிஸ் கூனிக் குறுகிப்போனாள்.

"ஊசியெல்லாம் எடுத்துட்டு வா நைரி. நான் சுருட்டி விடறேன். முழுசாக் காய அஞ்சு மணி நேரமாவது ஆகும். அதுவரைக்கும் இங்கேயே இருக்கேன்."

நைரி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அரை மணி நேரம் போதும்னீங்களே, அக்கா?"