கைசுத்தம்

மூன்று ஆளுநர்கள் அடுத்தடுத்து ஊழலில் சிக்கிப் பதவி இழந்த பிறகு வந்த சட்டம் அது. ஆளுநர் கையில் காப்பு அணிய வேண்டும்; பதவி போனால்தான் அது கழலும். லஞ்சத்தைத் தொட்டால் காப்பு சிவக்கும்.

ஆளுநர் திலகவதியின் காப்பு ஐந்து வருடமும் பச்சையாகவே இருந்தது. எலுமிச்சம்பழத்தோடு பார்க்க வந்தவர்களையும் பழத்தோடேயே திருப்பி அனுப்பியவர் அவர். இன்று இரண்டாம் முறை பதவியேற்பு.

காரில் கணவர் குணசீலனிடம் கேட்டார்: “ஊர்ல நம்ம வீட்டு மாடி எப்படிங்க எழும்புச்சு?”

குணசீலனுக்குப் பொய் வரவில்லை. “பாலம் கட்டுற கான்ட்ராக்டர் சும்மா கட்டிக் குடுத்தாரு. நீ எதையும் தொடலியே, காப்புல தெரியாது. விடு.”

திலகவதி தன் பச்சைக் காப்பையே பார்த்தபடி வந்தார்.

மேடையில் பச்சைக் காப்பைப் பார்த்ததும், “கைசுத்தமான அம்மா வாழ்க!” என்று கூட்டம் ஆர்ப்பரித்தது.

திலகவதி மைக்கைப் பிடித்தார். “என் கை சுத்தந்தான். வீடு சுத்தமில்ல. என் வீட்டுக்காரர் லஞ்சம் வாங்கியிருக்கார். எனக்கு இந்தப் பதவி வேண்டாம்.”

காப்பு தானாகக் கழன்று விழுந்தது. முன்வரிசையில் தலைகுனிந்திருந்த குணசீலனுக்கு, இத்தனை வருடம் கூடவே வாழ்ந்தும் இவளை இன்றுதான் பார்க்கிறோம் என்று தோன்றியது.

திலகவதி இறங்கி வந்து கையை நீட்டினார். “வாங்க, போலீஸ் ஸ்டேஷனுக்கு நானும் கூட வரேன்.”

அந்தக் கையைத் தொட குணசீலனுக்குக் கூசியது.

“சும்மா பிடிங்க,” என்றார் திலகவதி. “இனிமே சிவக்காது.”